கயிற்றுக்கு முன்னால் நிறுத்து

கொட்டகை வாசலில் பேசும்படப் பாட்டுப் புத்தகம் விற்கிற தம்பிமாரே, தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர் நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். பழம் தின்றது வாஸ்தவம். கொட்டை இன்னும் தொண்டையில் நிற்கிறது. நல்ல வார்த்தை கேட்கலாம் என்று வந்தவர்கள் இப்போதே எழுந்து போனால் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் விற்பது படத்தில் யாரோ பாடின பாட்டு. நாங்கள் விற்றது ஊரில் நடந்த சாவு. ரயில் கவிழ்ந்தால் அதைப் பற்றி ஒரு சிந்துப் பாட்டு, ஆற்றில் வெள்ளம் வந்தால் சிந்து, ஒருவன் இன்னொருவனை வெட்டினால் கட்டாயம் சிந்து. சாணித்தாளில் எட்டுப் பக்கம் அடித்து, கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் பாடி விற்போம். வாளையாரில் தொடங்கிக் கொல்லங்கோடு வரைக்கும் சந்தைகள். சம்பளம் போடுகிற வாரத்தில் உடுமலைப்பேட்டை வழியாக மறையூர் ஏறி, மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். ஊர் நன்றாக இருந்தால் எங்கள் அடுப்பில் பூனை தூங்கும். இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். கோயமுத்தூரில் எங்களுக்குப் புத்தகம் அடித்துக் கொடுத்த அச்சாபீஸ் முதலாளி எனக்கு முதல் நாளே சொன்னது அது. அவர் பேர் வேண்டாம், பேரன்மார் இன்னும் அச்சாபீஸ் நடத்துகிறார்கள். "கயிற்றுக்கு முன்னால் நிறுத்து" என்றார். கொலையை வேகமாகப் பாடு. போலீஸ், கோர்ட்டுக் கச்சேரி, ஜட்ஜி எல்லாவற்றையும் இன்னும் வேகமாகப் பாடு. பிறகு புலம்பல். சாகப்போகிற ஆள் தன் வாயாலேயே ஊருக்கும் பெற்ற பிள்ளைக்கும் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி இழுத்துப் பாடு. பொம்பளைகள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்துக் கஞ்சிராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றுவிடு. புத்தகம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் கயிறு. கயிறு விழுந்த பிறகு ஒருவனும் வாங்கமாட்டான். அழுது முடித்தவனுக்குப் புத்தகம் எதற்கு?

அந்தப் புலம்பலைச் செத்தவர்கள் யாரும் சொன்னதில்லை. நாங்கள்தான் எழுதினோம். வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம். இன்னொரு வழக்கமும் உண்டு. ஜில்லா ஜட்ஜி தூக்கு என்று சொன்ன வாரமே, தூக்கில் போட்டாயிற்று என்று புத்தகம் அடித்துவிடுவார்கள். மேல்கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டு, நாள் குறித்து, கயிற்றை மாட்டுவதற்குள் ஊர் வேறு கொலைக்குப் போய்விடும் அல்லவா? அட்டைக்கு முதலாளியிடம் இரண்டே இரண்டு மர அச்சுகள் இருந்தன. தூக்குமரத்தின் கீழே ஒரு ஆண், தூக்குமரத்தின் கீழே ஒரு பெண். எங்கள் சீமையில் தூக்குக்குப் போன பொம்பளைகள் எல்லாருக்கும் அந்த ஒரே முகம்தான்.

இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் இளவயதிலேயே பார்த்தேன். ஒரு சந்தையில் எனக்கு முன்னால் இன்னொரு சிந்துக்காரர் பாடிக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் வாய்க்கால் தண்ணிக்கு வெட்டிக்கொண்ட கதை. தம்பியைத் தூக்கில் போட்டு முடித்ததும், கூட்டத்தில் நின்ற நரைத்த தாடிக்காரர் ஒருவர் முன்னே வந்து, "ஏனுங்க, கழுத்துல கயிறு உளுந்தப்ப நானு சாமியக் கும்பிட்டேன்னு பாடறீங்களே, எனக்குச் சாமி நம்பிக்கையே இல்லீங்களே" என்றார். மேல்கோர்ட்டில் தண்டனை குறைந்து, அந்தமான் போய்த் திரும்பி வந்த அதே தம்பி. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே தன்னைத் தூக்கில் போட்ட புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஆண்பிள்ளை, சிரித்துவிட்டுப் போய்விட முடிந்தது. அன்றிலிருந்து மேல்கோர்ட்டு பேசுகிற வரைக்கும் கயிறு எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கூடப் பாடுகிறவர்கள் எனக்கு 'மேல்கோர்ட்டு' என்றே பட்டப்பேர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

ஜெர்மன்காரனோடு நடந்த சீமைச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருக்கும். வாளையாருக்குத் தெற்கே ஒரு ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம். அண்ணன், தம்பி இருவர். தம்பி ஒருநாள் மத்தியானம் களி தின்றுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. களி கிண்டிப் போட்டவள் அவன் பெண்டாட்டி பொன்னாத்தாள். அரளி விதையை அரைத்துக் கலந்துவிட்டாள் என்று அண்ணன்காரர் பிராது கொடுத்தார். மூன்று வயசுப் பெண்குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சிந்து கட்டுகிறவன் கச்சேரியில் போய் உட்கார்ந்து கேட்காமல் கட்டக்கூடாது என்பது என் பழக்கம். விசாரணை முழுக்க உட்கார்ந்தேன். அவள் செய்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஜட்ஜி தூக்கு என்றதும் அவள் கேட்ட கேள்வி என் காதில் இருக்கிறது. "மயிலாத்தாளுக்குத் தலைவாரி உடறது ஆருங்க?" என்று போலீஸ்காரரைப் பார்த்துக் கேட்டாள். மயிலாத்தாள் அந்தக் குழந்தை.

முதலாளி அன்றைக்கே ஆள் அனுப்பினார். நான் போய், மேல்கோர்ட்டு பேசட்டும், பாதியை எழுதி வைக்கிறேன் என்றேன்.

"மேல்கோர்ட்டு பேசறதுக்குள்ள ஜனங்களுக்கு அவ பேரே மறந்துரும்" என்றார் முதலாளி. "நீ எழுதாட்டி என்ன, எழுதறதுக்கு ஆளா இல்லே?"

ஆள் இருந்தது. என் பின்பாட்டு சுப்பன். பல வருஷம் எனக்குப் பின்னால் பாடியவன். நல்ல சாரீரம், கேட்கிறவன் நெஞ்சைப் பிசைந்துவிடுவான். இரண்டு நாளில் சிந்து கட்டி, அட்டையில் அந்த ஒரே பொம்பளையைப் போட்டு அடித்தும் விட்டார்கள். பெற்ற பிள்ளைக்குத் தாய் சொல்லிக்கொண்டு போகிற புலம்பல் எங்கள் சீமை முழுக்கப் பரவிவிட்டது. கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவளும் அதைத்தான் பாடினாள், களை எடுக்கிறவளும் அதைத்தான் பாடினாள். நான் பாதிச் சிந்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பழைய வெள்ளச் சிந்தை விற்றுக் கஞ்சி குடித்தேன்.

மேல்கோர்ட்டு பொன்னாத்தாளை விட்டுவிட்டது. விஷம்தான் என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை என்பது அங்கே எடுபட்டதாம். வெளியே வந்து ஊருக்குப் போனவளை, நிலக்காரர் என்பதால் ஊரார் பண்ணாடி என்று கூப்பிடுகிற புருஷனின் அண்ணன் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். குழந்தையைக் கண்ணிலும் காட்டவில்லை. குழந்தை இருக்கிற இடத்தில்தான் தம்பியின் பங்கு நிலமும் இருக்கும். அது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வழக்கு நடந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும், ஒரு சம்பள ஞாயிற்றுக்கிழமை மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கடைவிரித்திருந்தேன். ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால் கூச்சல். போனமாதம் சுப்பன் அங்கே வந்து பாடிவிட்டுப் போயிருக்கிறான். வேறு பேர் சொல்லிக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஒருத்தியை, வாளையார்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவள் எவளோ அடையாளம் காட்டிவிட்டாள். கங்காணி அவளுடைய பானையையும் கம்பளியையும் வெளியே எறிந்துகொண்டிருந்தார்.

"ஏட்டி, யாருன்னு சொல்லி எங்கிட்ட வேலைக்குச் சேர்ந்தே?" என்றார் கங்காணி. "புருசனைக் கொன்னவ பக்கத்து அடுப்புல கஞ்சி காய்ச்சினா, லயத்துல எவன் சோறு திம்பான்?"

மழைச்சாரலில், அடையாளம் தெரியாமலிருக்க அடித்துக்கொண்ட மொட்டையில் முளைத்த கட்டை மயிரோடு, எலும்பும் தோலுமாக நின்றாள் பொன்னாத்தாள். கச்சேரியில் பார்த்த முகம் என்பதால் எனக்கும் தெரிந்தது. கங்காணியிடம் போய், "அண்ணாச்சி, கோர்ட்டே விட்டுருச்சு இந்தப் பொம்பளைய" என்றேன்.

"கோர்ட்டு விட்டா பாட்டுல எப்படித் தூக்குல போட்டான்? அச்சடிச்ச புஸ்தகம் பொய் சொல்லுமா?"

அச்சடித்த புத்தகம் பொய் சொல்லுமா என்று சிந்து விற்கிற என்னிடம் கேட்டார். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவளிடம், "நானும் சிந்துக்காரன்தான். உன் விடுதலையைப் பாட்டாக் கட்டி உங்க ஊர்ச் சந்தையிலேயே பாடறேன். ஊர் வாய் மாறினா பண்ணாடி புள்ளையை வெச்சிருக்க முடியாது" என்றேன். அவள் என்னை நம்பினாள் என்று சொல்லமாட்டேன். போக வேறு இடமில்லை, வந்தாள்.

முதலாளி விடுதலைச் சிந்தை அடிக்க மறுத்தார். கோபித்துக்கொள்ளவில்லை, எனக்குப் புத்தி சொல்கிற மாதிரிதான் கேட்டார்: "விடுதலைக்கு எங்கடா நிறுத்துவே?" பொள்ளாச்சியில் கலியாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன அச்சாபீஸ் ஒன்றில் என் கைக்காசைப் போட்டு அடித்தேன். விடுதலையான பொம்பளைக்கு உலகத்தில் எந்த அச்சாபீஸிலும் படம் இல்லை. அட்டையில் ஒரு பூச்சட்டியைப் போட்டுக் கொடுத்தார்கள்.

அவளை வாளையார் ரயில் ஸ்டேஷனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவள் ஊருக்குப் பக்கத்துச் சந்தையில் போய்ப் பாடினேன். பொன்னாத்தாள் என்ற பேரைக் கேட்டதும் கூட்டம் திமுதிமுவென்று கூடியது. டாக்டர் சாட்சி, வக்கீல் வாதம், மேல்கோர்ட்டு ஜட்ஜி என்று உண்மையை உண்மையாகப் பாடினேன். தீர்ப்புக்கு முன்னால் நிறுத்தி, புத்தகத்தை நீட்டினேன். ஒரு கை வரவில்லை.

"ஏனுங்க சிந்துக்காரரே, தூக்குல தொங்குனவ எப்படிங்க விடுதலையாவா?" என்றார் ஒருவர்.

"தொங்கலீங்க. உசுரோட இருக்கறா."

வெற்றிலை விற்கிற கிழவி ஒருத்தி எழுந்து நின்றுகொண்டாள். அவளுக்கு என்மேல் நிஜமாகவே கோபம். "அவ சாவுக்கு நானு எத்தன சந்தையில நின்னு அழுதிருக்கறேன். இப்ப வந்து பொழச்சுக்கிட்டான்னா, எம்பட கண்ணீரத் திருப்பித் தருவீங்களா? அவ புள்ளைக்குச் சொல்லறாளே, அதப் பாடுங்க. பாடத் தெரியாட்டிச் சுப்பன வரச்சொல்லுங்க."

கூட்டம் கலைந்தது. தம்பிமாரே, ஜனங்கள் உண்மைக்கு விரோதி என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அழுது தீர்த்த சாவை நாம் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. இதை அந்தச் சந்தை நடுவில் பூச்சட்டிப் புத்தகக் கட்டோடு நின்றுதான் நான் கற்றுக்கொண்டேன்.

விடாமல் பண்ணாடி வீட்டுக்கே போனேன். வெள்ளை வேட்டி, மரியாதையான மனுஷர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"கோர்ட்டு உட்டுருச்சுங்க, நானு இல்லேங்கல" என்றார். "அது கோர்ட்டுப் பாடு. ஊரு உட்டுதுங்களா? நாளைக்கு இந்தப் புள்ளைக்கு ஒரு நல்லது கெட்டது பண்ணோணும். கொலைகாரி ஊட்டுப் புள்ளைன்னா எவன் வருவான்? செத்தவ புள்ளைன்னா நாலு பேரு எரக்கப்படுவாங்க. வேணும்னா அதையே கேட்டுக்குங்க."

குழந்தைக்கு ஆறு வயசிருக்கும். வேப்பமரத்தடியில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தது. கிட்டே போய் உட்கார்ந்து, "உங்கம்மா எங்க கண்ணு?" என்றேன்.

"எங்கம்மாளத் தூக்குல போட்டுட்டாங்க" என்றது. முகத்தில் துக்கம் இல்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னது. "சாகறப்ப எனக்குப் பாட்டுப் பாடிட்டுத்தானுங்க செத்தாங்க. உங்கம்மா உனக்குப் பாட்டு வெச்சிருக்காங்களான்னு எல்லாப் புள்ளைங்ககிட்டயும் கேட்டேன். ஆருக்கும் இல்லீங்க. எனக்கு மட்டுந்தான்."

"உங்கம்மா உசுரோட இருக்கறாங்க கண்ணு."

குழந்தை சிரித்தது. உள்ளே ஓடிப்போய் மடங்கி நைந்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தது. தூக்குமரத்தின் கீழே அந்தப் பெண். "இதா எங்கம்மா" என்றது. எத்தனையோ பேருடைய புத்தகத்தில் நான் பார்த்துச் சலித்த முகம். அதை விரலால் தடவித் தடவி அழுக்காக்கி வைத்திருந்தது குழந்தை. நான் எழுந்து ஸ்டேஷனைப் பார்க்க நடந்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கவேண்டும் என்றுதான் இத்தனையும் சொல்லிவந்தேன். ஸ்டேஷனில் ஒருத்தி காத்திருக்கிறாள். பிள்ளை உன்னை மறக்கவில்லை என்று பாதி உண்மையைச் சொல்லலாம். பண்ணாடி யோசிக்கிறேன் என்றார் என்று முழுப் பொய்யும் சொல்லலாம். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன். சரியானதைச் செய்தால் மனசு ஆறும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

பொன்னாத்தாள் எல்லாம் கேட்டாள். வக்கீலைப் பார்க்கலாம், குழந்தைக்காகக் கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன். கோர்ட்டு என்றதும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு, "அந்தப் பாட்டுல எம்புள்ளைக்கு நானு என்ன சொல்லறேனுங்க?" என்று கேட்டாள்.

சீமை முழுக்கப் பாடின பாட்டை அவள் முழுசாகக் கேட்டதில்லை. கேட்க ஆரம்பித்த இடத்திலெல்லாம் அவளைத் துரத்தியிருக்கிறார்கள். நான் ஒருநாளும் பாடாத பாட்டு. ஆனாலும் எனக்குத் தெரியாமல் இருக்குமா? ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மெல்லச் சொன்னேன்.

தலைவாரிப் பூமுடிக்கத் தாயில்லை கண்ணே – கிணற்றுத்
தண்ணிக்குப் போகையிலே தடம்பார்த்துப் போ கண்ணே
உலையேற்றிச் சோறுபோட ஒருத்தியில்லை கண்ணே – நான்
ஊர்விட்டுப் போகிறேன் உறங்கிடுவாய் கண்ணே

"நல்லாத்தான் சொல்லியிருக்கறேன்" என்றாள் பொன்னாத்தாள்.

பிறகு அவளை நான் தேடினபோது ஸ்டேஷனில் இல்லை. மழைக்காலம் முடிந்து சந்தைகள் மறுபடி கூடின சமயம், சுப்பன் ஒரு பொம்பளையைக் கூடச் சேர்த்துக்கொண்டு பாடுகிறான் என்று கேள்விப்பட்டேன். யார் என்று சொன்னதும் கிளம்பிவிட்டேன். என் புத்தகம் விற்காத அதே சந்தைக்குப் போனேன். சுப்பன் கொலையும் கச்சேரியும் பாடினான். புலம்பல் வந்ததும் அவன் ஒதுங்கிக்கொள்ள, பொன்னாத்தாள் முன்னால் வந்து பாடினாள். சாரீரம் ஒன்றும் பிரமாதமில்லை. அதற்கே கூட்டம் விம்மியது. கயிற்றுக்கு முன்னால் நிறுத்தினார்கள். புத்தகம் பறந்தது.

ஊராருக்கெல்லாம் அவள் யார் என்று தெரியும். தெரிந்துதான் வந்து நிற்கிறார்கள். பண்ணாடிக்கும் தெரியும். கோர்ட்டு விட்டவள் தன் வாயாலேயே தன்னைத் தூக்கில் போட்டுக்கொள்கிறாள், அவருக்கு என்ன வலிக்கிறது? தடுக்கவில்லை. தடுக்கவேண்டாம் என்று ஊருக்கும் ஜாடையாகச் சொல்லிவைத்திருந்தார்.

சுப்பனை ஓரமாக இழுத்து, நீ மனுஷனா என்றேன். "அண்ணா, அவளுக்கு நீங்க ஒருவேளைச் சோறு போட முடிஞ்சுதா?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவளிடமே போனேன். "என் பாட்டு நெசம். இது பொய். உன்னையே நீ கொலைகாரின்னு பாடறியே, உனக்கு என்ன தலையெழுத்து?" என்றேன்.

"உங்க பாட்டு நெசந்தானுங்க" என்றாள். "அதுல டாக்டர் பேசறாங்க, வக்கீல் பேசறாங்க, ஜட்ஜி பேசறாங்க. எம்புள்ளைக்கு நானு ஒரு வார்த்த சொல்லறனுங்களா?"

தொழிலில் எத்தனையோ பேர் என் சிந்தைக் குறை சொல்லியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். அவள் சொன்னதும் கையிலிருந்த பூச்சட்டிப் புத்தகத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சந்தைக்குச் சந்தை எம்புள்ள வருதுங்க, அந்தப் பெரியம்மா கையப் புடிச்சுக்கிட்டு" என்றாள். "முன்னாலயே வந்து உக்காந்துக்குது. நானுதான் அம்மான்னு சொன்னா நாளைக்கு அத இங்க உடமாட்டாங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்க."

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழந்தை வந்துவிட்டது. பண்ணாடி வீட்டு அம்மாள் பின்னால் புளி விலை பேசிக்கொண்டிருந்தார். குழந்தை பொன்னாத்தாள் எதிரே வந்து நின்று, "ஏனுங்க்கா, எங்கம்மா பாட்ட இன்னொருக்காப் பாடுங்க" என்றது. தலை பரட்டையாகக் கிடந்தது. புத்தகம் வாங்கினவர்களும் வாங்காதவர்களும் சுற்றி நின்று, வாயைத் திறக்காமல் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். இலவசமாக இன்னொரு காட்சி.

பொன்னாத்தாள் கீழே உட்கார்ந்து, குழந்தையின் முகத்துக்கு நேராகப் பாடினாள்.

"தலைவாரிப் பூமுடிக்கத் தாயிருக்கேன் கண்ணே..."

குழந்தை கையைக் காட்டி நிறுத்தியது.

"தப்புங்க்கா. அப்படி வராது. எங்கம்மா தாயில்லைன்னுதான் பாடுனாங்க."

பொன்னாத்தாள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா கண்ணு, நாந்தான் தப்பாப் பாடிட்டேன்" என்றாள். பிறகு புத்தகத்தில் இருக்கிறபடியே பாடினாள்.